கடல் கடந்த ஓடாவியின் கைவண்ணம்

தோணியும் கப்பலும் கட்டும் தச்சனுக்குத் தமிழில் ஓடாவி என்று பெயர். பொத்துவில் முதலிய கிழக்கிலங்கை ஊர்களில் வீட்டுத் தச்சரையும் ஓடாவியார் என மரியாதையாக அழைப்பதுண்டு. ஒரு கப்பலுக்கு உடையவர் உண்டு. அதைச் செலுத்தும் தண்டையலும் உண்டு. இவ்விருவர் பெயரும் ஏட்டில் ஏறும். கட்டியவர் பெயரோ பெரும்பாலும் கரையிலேயே நின்றுவிடும். கட்டியவர் பெயரும் மறையாது நிலைத்த கப்பல் ஒன்று நம் நாட்டில் உண்டு. அதுவே வல்வெட்டித்துறையில் உருவான 'அன்னபூரணி'.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் வல்வெட்டித்துறைக் கப்பல்கள் இந்தியத் துறைமுகங்களுக்கும் பர்மாவுக்கும் சென்று அரிசி முதலிய சரக்குகளை ஏற்றி வந்தன. அவ்வணிகத்துக்கென 1930ஆம் ஆண்டளவில் சுந்தரம் மேத்திரியார் என்னும் ஓடாவி இப்பாய்க்கப்பலைக் கட்டினார். அதன் நீளம் 89 அடி, அகலம் 19 அடி, மரம் வேம்பு. வேம்பின் கசப்புப் பூச்சியை அண்டவிடாது என்பது கரையோர மக்களின் நம்பிக்கை.

மேத்திரியாரின் வேலை உளி எடுப்பதற்கு முன்பே தொடங்கிவிடும். கப்பலுக்கு முதுகெலும்பு போன்றது ஏரா என்னும் அடிமரம். அதன் நீளத்தைக் கொண்டே மற்றை அளவுகள் தீரும். ஏராவின் இருபுறமும் எழும் வங்குகளுக்கு இயல்பாகவே வளைந்த கிளைகள் வேண்டும். நேர்மரத்தை அறுத்து வளைவு செய்தால் மரத்தின் நார் அறுபடும். அலை மோதும்போது அவ்விடமே முதலில் பிளக்கும். ஆகவே, நிற்கும் மரத்திலேயே வங்கைக் காணும் கண் ஓடாவிக்கு வேண்டும். பின்னர்ப் பலகை பொருத்தி, இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து இடுவர். ஓரிடம் தவறினும் நடுக்கடலில் நீர் புகும். மாலுமிகளின் உயிர் ஓடாவியின் கையில் இருந்தது என்பது மிகையன்று.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் சிறு பாய்மரப் படகில் உலகைச் சுற்றி 1931இல் நாடு திரும்பியவர். மரக்கலங்களின் தரம் அறிந்த அவர், அன்னபூரணியை விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' எனவும் பெயர் மாற்றினார். 1937இல் இலங்கையை நீங்கிய கப்பல் செங்கடல், சூயெஸ், மத்தியதரைக்கடல், அத்திலாந்திக் ஆகியவற்றைக் கடந்தது. கனகரத்தினம் தம்பிப்பிள்ளை தலைமையிலான வல்வெட்டித்துறை மாலுமிகள் 1938 ஆகஸ்டு 1ஆம் நாள் அதனை மசச்சுசெட்சு மாநிலத்துக் குளொஸ்டர் துறையில் சேர்த்தனர்.

அக்கப்பல் சேர்ந்த இடத்தையும் நோக்குதல் வேண்டும். குளொஸ்டர் தானும் ஓடாவிகளின் பூமியே. 'ஸ்கூனர்' என்னும் பாய்க்கப்பல் 1713இல் அங்கேதான் முதன்முதல் கட்டப்பட்டதென்பது அவ்வூர் மரபுரை. அமெரிக்காவும் அந்நாளில் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடே. சிறுவர் பல்லாண்டு தலைமைத் தச்சரிடம் இருந்து தொழில் பயின்றனர். 1775இல் புரட்சி மூண்டபோது, பிரித்தானிய வணிகக் கப்பல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அமெரிக்கத் தச்சர் கட்டியதாகவே இருந்தது. அவர்கள் ஓக்கு மரத்தை நம்பினர். நம்மவர் வேம்பை நம்பினர். மரத்தின் வளைவைக் கண்ணால் அளக்கும் கலை இருவர்க்கும் பொது. அத்தகைய ஊரின் துறைமுகத்துக்கு நம் ஓடாவி அனுப்பிய கடிதம் போலவே அன்னபூரணி சென்று சேர்ந்தது.

இன்று பொத்துவில் கரையில் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. அச்சு ஒன்றிருந்தால் ஒரே வடிவில் எத்தனையும் வார்க்கலாம்; பழுது பார்ப்பதும் எளிது. மீனவர் அவற்றை விரும்புவதில் குறை காண இடமில்லை. ஆயினும் ஓடாவியின் அச்சு அவர் கண்ணிலும் கையிலும் இருந்தது. அதனைப் பிறர்க்குக் கற்பியாது அவர் மறைந்தால், அதுவும் அவருடன் மறையும். அன்னபூரணியின் பெயரை மாற்ற முடிந்தது. அதன் வங்குகளில் பொதிந்திருந்த அறிவை மாற்ற முடியவில்லை. ஊர்தோறும் எஞ்சியுள்ள முதிய ஓடாவிகளின் பெயரையும், அவர்தம் அளவு முறையையும், கருவிகளின் பெயர்களையும் இளைஞர் கேட்டு எழுதி வைப்பாராயின், அது அக்கைகளுக்குச் செலுத்தும் தக்க நன்றியாகும்.