வாடகை பாக்கியைச் சம்பளத்தில் பிடிக்கலாமா?

லகாட்டில் உங்களுக்கு ஒரு சிறு வீடு இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆறு மாத வாடகையை நிறுத்திவிட்டு, குடியிருந்தவர் ஓர் இரவில் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். ஈப்போவில் அவர் வேலை செய்யும் இடம் மட்டும் தெரியும். "முதலாளியைப் பார்த்துச் சம்பளத்தில் பிடிக்கச் சொல்கிறேன்" என்று கிளம்புகிறீர்கள். சற்று நில்லுங்கள்!

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. மூன்றாம் ஆளுக்காகச் சம்பளத்தில் பிடிக்க, தொழிலாளியே எழுத்து மூலம் கேட்க வேண்டும்; தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநரின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். அப்போதும் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து, பொதுவாக, மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முதலாளி தாமே கொடுத்த வீட்டின் வாடகைக்கும் இதே நிபந்தனைதான். தோட்டத்து வாசகர்கள் இதைக் குறித்துக் கொள்ளட்டும்.

அவர் குடியிருந்தபோதே விழித்திருந்தால், 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பன்னிரண்டு மாதப் பாக்கி வரை நீதிமன்ற உத்தரவு பெற்று வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்திருக்கலாம். காலி வீட்டில் எதைப் பிடிப்பது?

இனி வழக்குத்தான். ஆறு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். தீர்ப்புக்குப் பின், 1957-ஆம் ஆண்டுக் கடனாளிகள் சட்டப்படி அவரை நீதிமன்றத்துக்கு அழைக்கலாம். வருமானம் எவ்வளவு, சொத்து என்ன என்று விசாரித்து, மாதத் தவணை கட்டும்படி உத்தரவிடுவார்கள். ஐம்பது வெள்ளி, நூறு வெள்ளி என்று மெதுவாகத்தான் வரும். பிள்ளைகுட்டிக்காரர் வயிற்றில் அடித்ததாகவும் இராது.

போகுமுன் வாடகை ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். முத்திரைத் தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. தாமதமானாலும் அபராதம் செலுத்தி முத்திரையிட்டுக் கொள்ளலாம்.