நாளைக்கு எந்த ஷிஃப்ட்?

சிறுசேரி சிப்காட் தொழில்நுட்பப் பூங்காவில் காவல் வேலை பார்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே காதில் விழும் இரண்டு சொற்கள், “ரிலீவர் வரலை.” காலை எட்டு மணிக்கு டூட்டி முடிய வேண்டியவர், மாற்றாள் வராததால் இரவு எட்டு வரை நிற்கிறார். அதற்கு ‘டபுள்’ என்று பெயர். கேட்டை விட்டுப் போனால் வேலை போய்விடும். நின்றாலோ அன்றைக்கு வீட்டில் திட்டமிட்டிருந்ததெல்லாம் போய்விடும். ஹவுஸ்கீப்பிங் பெண்களின் பாடு வேறு மாதிரி. நாளைக்குக் காலை ஷிஃப்டா மதிய ஷிஃப்டா, வீக் ஆஃப் ஞாயிறா புதனா என்பதெல்லாம் முந்தின இரவு சூப்பர்வைசர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

குறைந்த கூலியைப் பற்றிப் பேசுகிறோம், நீண்ட வேலை நேரத்தைப் பற்றியும் பேசுகிறோம். எப்போது வேலை என்று தெரியாமலே நாளைக் கடத்துவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பூங்காவைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பவர்களில் பலர் படூர், தாழம்பூர், திருப்போரூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள். இன்னும் பலர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் அடுக்கு மாடிகளிலிருந்து வருகிறார்கள். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் அகற்றப்பட்டு அங்கே குடிவைக்கப்பட்ட குடும்பங்கள் அவை. பழைய இடத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அத்தையோ பாட்டியோ எதிர்வீட்டில் இருந்தார்கள். இங்கே அந்த வசதி இல்லாதவர்கள் ஏராளம். பள்ளி விடும் நேரம், ரேஷன் கடை திறக்கும் நாள், தண்ணீர் வரும் வேளை எல்லாம் மாறாமல் இருக்க, ஷிஃப்ட் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. நாவலூரில் ஒரு வீட்டில் காலையில் இரண்டு மணி நேரம் சமையல் வேலை கிடைத்தாலும் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. நாளைக்கு வருகிறேன் என்று உறுதி சொல்ல முடியாதவரை யார் வேலைக்கு வைப்பார்கள்? ஷிஃப்டை முன்கூட்டியே சொல்லாததால் அவர் இழப்பது நிம்மதியை மட்டுமல்ல, இன்னொரு வருமானத்தையும்.

2014 பிப்ரவரியில் சிறுசேரி அலுவலகத்திலிருந்து இரவில் வீடு திரும்பிய இளம் பொறியாளர் ஒருவர் கொலை செய்யப்பட்டார். தெருவிளக்கு, பஸ், கேப் என்று அப்போது நிறையப் பேசினோம். கடைசி நிமிடத்தில் மதிய ஷிஃப்டுக்கு மாற்றப்பட்டு அதே சாலையில் இரவு பத்து மணிக்கு நடக்கும் துப்புரவுப் பெண்ணுக்கும் அந்தப் பேச்சு சொந்தமாக வேண்டும்.

நேரத்துக்கான போராட்டம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது பின்னி ஆலைத் தொழிலாளர்களின் குறைகளில் முக்கியமான ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. அந்தத் தலைமுறைகள் போராடியதன் பலன் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்தது. எந்தெந்த நாளில், எந்த நேரத்தில் வேலை என்று அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்றது அதன் 61ஆவது பிரிவு. ஒருமுறை மாற்றினால், ஆய்வாளரின் முன் அனுமதி இல்லாமல் ஒரு வாரத்துக்குள் மறுபடி மாற்றக் கூடாது என்றிருந்தது. ஒட்டிய நேரத்துக்கு மாறாக வேலை வாங்கக் கூடாது என்றது 63ஆவது பிரிவு. ஷிஃப்ட் முறையை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டமும் சொன்னது. ஆலைச் சுவரில் இருந்த அந்தக் காகிதம் கண்ணாடிக் கட்டடங்களுக்கு வந்து சேரவில்லை. இங்கே வேலை நடப்பது கம்பெனியின் தளத்தில். சம்பளம் போடுவது ஏஜென்சி. ரோஸ்டரைப் பற்றிக் கேட்டால் இருவருமே மற்றவரைக் கை காட்டுகிறார்கள்.

2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நல்ல வெற்றி. ஆனால் அந்தப் பத்து நாளும், அதற்கு முன்னும் பின்னும், பழைய மாமல்லபுரம் சாலை நெடுக கேட்டுகளில் 12 மணி நேர டூட்டி நடந்துகொண்டுதான் இருந்தது.

இதன் வேர் ஒரு எளிய கணக்கில் இருக்கிறது. ஒரு கேட்டில் 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டுமானால் வாரத்துக்கு 168 மணி நேரம். சட்டப்படி ஒருவருக்கு வாரம் 48 மணி நேரம். ஆக, ஒரு கேட்டுக்கு மூன்றரை ஆள் வேண்டும். பத்துக் கேட்டுக்கு 35 பேர். குறைந்த விலைக்கு ஏலம் எடுக்கும் ஏஜென்சி ஒரு கேட்டுக்கு இரண்டு பேரைப் போடுகிறது. தலைக்கு 84 மணி நேரம் ஆகிறது. அந்த இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவருக்கு டபுள். சூப்பர்வைசர் நல்லவரா கெட்டவரா என்பது இதில் இரண்டாவது விஷயம். கையில் ஆளே இல்லாதவர் முன்கூட்டியே எதை எழுதி ஒட்டுவார்? டெண்டரில் கையெழுத்தாகும் அன்றே அந்த டபுள் தீர்மானமாகிவிடுகிறது.

ஷிஃப்டை முன்கூட்டியே சொல்வதால் வியாபாரம் கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு அமெரிக்காவில் ஒரு பதில் கிடைத்தது. அங்கே கடைப் பணியாளர்களுக்கு இரண்டு வாரம் முன்பே ரோஸ்டர் தர வேண்டும் என்று 2014இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் சட்டம் போட்டது. 2017இல் ஓரிகன் மாநிலமும் இதேபோல் சட்டம் இயற்றியது. கேப் என்ற துணிக்கடை நிறுவனத்தின் 28 கடைகளில் ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகிய ஆய்வாளர்கள் பரிசோதனை நடத்தி 2018இல் முடிவை வெளியிட்டார்கள். நேரத்தை நிலையாக்கிய கடைகளில் விற்பனை 7 சதவீதமும் உழைப்பின் உற்பத்தித் திறன் 5 சதவீதமும் கூடியிருந்தன.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றைத் தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. வேலை நிபந்தனைகளை எழுதிவைக்கும் நிலையாணைகள் கட்டாயமாகும் வரம்பு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்தது அவற்றில் ஒன்று. ஆனால் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் 31ஆவது பிரிவை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொழிற்சாலைகளுக்கு இருந்த வேலை நேர அறிவிப்பை அது மற்ற நிறுவனங்களுக்கும் விரிக்கிறது. தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது என்கிறது 27ஆவது பிரிவு. அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை அரசின் விதிகள்தான் சொல்லும். ஒரு வாரத்துக்கு முன்பே, தமிழில், ஏஜென்சி ஆட்களின் பெயரும் சேர்த்து ஒட்ட வேண்டும் என்று தமிழ்நாட்டு விதிகளில் எழுதட்டும். பூங்கா நிறுவனங்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு கேட்டுக்கு மூன்றரை ஆளுக்கான பணத்தைக் கொடுத்து, அத்தனை பேர் வருகிறார்களா என்று வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.