சட்டி, மோளம், மின்கிதார்: ஓர் இசைக்குழு எழுந்த கதை

2018 ஜனவரி 6, சனிக்கிழமை மாலை. சென்னை கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் பத்தொன்பது பேர் மேடையேறினார்கள். ஒரு பக்கம் மின்கிதார், பேஸ், டிரம்ஸ். இன்னொரு பக்கம் பறை, சட்டி, மோளம். நடுவில் கானா பாடுகிறவர்களும் ராப் பாடுகிறவர்களும். அன்று அவர்கள் பாடியவை சொந்தப் பாட்டுகள்: இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, வடசென்னை வாழ்க்கை. மைதானம் நிரம்பியிருந்தது. ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் கச்சேரி அது.

அதற்கு முன் சென்னையில் ராக் இசை இல்லாமல் இல்லை. ஐ.ஐ.டி.யின் ‘சாரங்’ போன்ற கல்லூரி விழாக்களில் இளைஞர்கள் பல ஆண்டுகளாக கிதார் மீட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டு. கேட்டவர்களும் ஆங்கிலம் புழங்கும் வட்டத்தினர். கானாவோ சாவு வீட்டு வாசலிலும் தெருமுனையிலும் தங்கிவிட்டது. சினிமா அதை அவ்வப்போது இரவல் வாங்கியது; சபாக்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஊரில் இருந்த இந்த இரண்டு இசையும் ஒன்றையொன்று சந்திக்க வழியில்லாமல் போனது.

அந்த வழியைப் போட்டவர்கள் இருவர். ஒருவர் இயக்குநர் பா. இரஞ்சித், அவருடைய நீலம் பண்பாட்டு மையம் ஏற்பாட்டைக் கையில் எடுத்தது. மற்றவர் இசையமைப்பாளர் டென்மா; கபேர் வாசுகியோடு ‘குரங்கன்’ என்ற தமிழ் இசைக்குழுவை நடத்தியவர், ‘மெட்ராஸ் இண்டி கலெக்டிவ்’ அமைப்பிலும் இருந்தவர். 2017இல் ஆள் தேடத் தொடங்கி, பாடவைத்துக் கேட்டு, குழுவைச் சேர்த்தார்கள். பெயருக்கு வேர் அயோத்திதாசப் பண்டிதர். 1845 முதல் 1914 வரை வாழ்ந்த அவர், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர். சாதியற்ற தமிழர் என்ற அவருடைய சிந்தனையே குழுவின் பெயராயிற்று.

இசையைச் சேர்ப்பது பெயர் வைப்பதைப் போல் எளிதல்ல. சாவுப் பறையும் கானாவும் பெரும்பாலும் ஆறு எண்ணிக்கை நடையில் சுழலும். மேற்கத்திய ராக் பெரும்பாலும் நான்கில் நடக்கும். கிதார்க்காரர் தனக்குப் பழகிய நான்கிலேயே நின்றால் பாடகருக்கு மூச்சு முட்டும். பறை தன் வேகத்தில் ஓடினால் கிதார் வெறும் இரைச்சலாகிவிடும். இங்கே கானாவின் நடைக்கு கிதார் இறங்கி வந்தது. சட்டிக்கும் மோளத்துக்கும் ஒலிவாங்கியில் சமமான இடம் கிடைத்தது. பழையதன் மேல் புதியதைப் பூசிய வேலையாக அது கேட்காததற்குக் காரணம் இதுதான்.

அந்த மேடை பலரை வெளியே கொண்டுவந்தது. ஆண்கள் குரலாகவே இருந்த கானாவில் ராயபுரத்து இசைவாணி முன்வரிசைக்கு வந்தார். 2020இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அரக்கோணத்து ராப் பாடகர் அறிவு 2019இல் ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சில் அவர் எழுதி, பாடகி தீயுடன் பாடி, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரித்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. அதே ஆண்டு ‘சார்பட்டா பரம்பரை’ படத்தில் கானா முத்துவும் இசைவாணியும் பாடினார்கள். சினிமா இவர்களைத் தேடி வந்தபோது, இவர்களுக்கு ஏற்கெனவே முகவரி இருந்தது.

புகழ் வந்த கையோடு வம்பும் வந்தது. 2021 ஆகஸ்டில் ‘எஞ்சாயி எஞ்சாமி’யைப் பற்றிப் பேசிய ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டைப்படத்தில் அறிவு இல்லை. பாட்டை எழுதியவரை எங்கே காணோம் என்று பெரும் சண்டை எழுந்தது. 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் தனக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். சொந்தப் பாட்டு போடுகிற எந்தப் பிள்ளையும் மனத்தில் வைக்கவேண்டிய பாடம் இது: பாட்டு யார் பெயரில் பதிவாகிறது, பணம் யார் கணக்கில் ஏறுகிறது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே வெளியிடவேண்டும்.

ஒரு கச்சேரியோடு நீலம் நின்றுவிடவில்லை. 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. சபாக்களின் மாதமான மார்கழியில் பறைக்கும் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் நாட்டுப்புறப் பாட்டுக்கும் மேடை போட்டார்கள். அடுத்த ஆண்டு அது மதுரைக்கும் கோவைக்கும் போனது. மதுரைக்குத் தெற்கே அந்தப் பாதை நீளவேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் ஆசை.

புளியங்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். பக்கத்தில் ஆடித்தபசுக்குக் கூட்டம் அலைமோதும் சங்கரன்கோவில். சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடை என்றால் நையாண்டி மேளம், கரகாட்டம், வில்லுப்பாட்டு. தவில், பம்பை, உறுமி என்று தாளத்துக்கு இங்கே பஞ்சமே கிடையாது. வசூல் போட்டு மேடை கட்டுகிற பழக்கமும், விடிய விடிய உட்கார்ந்து கேட்கிற கூட்டமும் உண்டு. வடசென்னைப் பிள்ளைகளுக்கு ஒரு மைதானத்தைப் பிடித்துத் தரவேண்டியிருந்தது; இங்கே மேடை ஆண்டுதோறும் தானாகவே எழுகிறது.

குறை எங்கே என்றால், அந்த மேடையில் இரவு முழுக்க ஓடும் இன்னிசைக் கச்சேரியில் பெரும்பாலும் சினிமாப் பாட்டே ஒலிக்கிறது. உறுமி அடிக்கிறவரும் கிதார் பழகுகிற கல்லூரிப் பையனும் ஒரே தெருவில் இருந்தாலும் சேர்ந்து வாசிக்க ஒரு காரணம் கிடைப்பதில்லை. எலுமிச்சை விலை சரிந்த கவலையும், வேலை தேடி வெளியூர் போன அண்ணனின் கதையும் பாட்டாக வந்தால் இந்த ஊர் கேட்காதா?

கொடைக் கமிட்டிப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னிசைக் கச்சேரிக்கு ஒதுக்கும் நேரத்தில் அரை மணி நேரத்தை உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சொந்தப் பாட்டு மட்டும், உள்ளூர் மேளக்காரரும் கூட வாசிக்கவேண்டும், இரு தரப்புக்கும் பேசிய சம்பளம் உண்டு என்று மூன்று நிபந்தனை போடுங்கள். முதல் வருடம் தடுமாறினாலும் அடுத்த வருடமும் கூப்பிடுங்கள்.