காட்டுக்குள் ஆறு திசை

காரைக்குடிக் கல்லூரி ஒன்றில் படிக்கும் வாசகர் ஒருவர், சொந்த ஊரான பிள்ளையார்பட்டியிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறார். விடுமுறை நாட்களில் நண்பர்களோடு வீட்டு முகப்பில் உட்கார்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுவாராம். கதை நடத்தும் ‘டிஎம்’ பொறுப்பு இவருடையது. “பாழடைந்த கோட்டைக்குள் நுழைந்தால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். காடு வந்தால் ஆளுக்கொரு கைபேசியை எடுத்துவிடுகிறார்கள். மூன்று நாள் நடந்தீர்கள், நடுவில் ஓநாய் வந்தது, அடித்தீர்கள், ஊர் வந்துவிட்டது என்று முடித்துவிட வேண்டியிருக்கிறது. காட்டை எப்படிச் சுவாரஸ்யமாக்குவது?” என்று கேட்கிறார்.

ஆட்டத்தின் அடிப்படையை நான் விளக்கப் போவதில்லை. ஒருவர் உலகத்தைச் சொல்லிக்கொண்டு வர, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதில் நடமாடுகிறார்கள். சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்கிறது. அவ்வளவு தெரிந்தால் போதும். எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. இந்த ஆட்டத்தின் காடு, இன்னொரு ஆட்டத்திலிருந்து கடன் வாங்கிய காடு.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் வெளியிட்ட இந்த ஆட்டத்தின் முதல் விதிப்புத்தகங்களில், வெளியுலகப் பயணத்துக்கு ‘அவுட்டோர் சர்வைவல்’ என்ற ஆட்டத்தின் பலகையை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அது 1972-ல் அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்டது. வடிவமைத்தவர் ஜிம் டன்னிகன். அதில் வாளும் இல்லை, மந்திரமும் இல்லை. காட்டில் தனியாக மாட்டிக்கொண்ட மனிதன் தண்ணீரும் சோறும் தீர்ந்துபோவதற்குள் வெளியேற வேண்டும், அதுதான் ஆட்டம். கைகாக்ஸ் செய்த வேலை எளிமையானது. அந்தப் பலகையில் நீர்நிலை என்று குறித்திருந்ததையெல்லாம் கோட்டை என்றும், கட்டடங்களை ஊர் என்றும் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு கட்டத்துக்கு ஐந்து மைல், அதாவது சுமார் எட்டுக் கிலோமீட்டர். தாகத்தால் சாகும் மனிதனின் காட்டில் டிராகன் குடிவந்தது இப்படித்தான்.

அந்தப் பலகை முழுக்க அறுகோணக் கட்டங்கள். போர் ஆட்டங்களில் அவலான் ஹில் 1961 முதலே இந்த வகைக் கட்டத்தைப் பயன்படுத்திவந்தது. சதுரக் கட்டத்தில் நேராகப் போனால் ஒரு தூரம். மூலை வழியாகப் போனால் அதைப்போல 1.4 மடங்கு. ஆனால் இரண்டையும் ஒரு நகர்வு என்றே எண்ணுவோம். அறுகோணத்தில் அந்தத் திருட்டு இல்லை. அக்கம்பக்கத்துக் கட்டங்கள் ஆறும் ஒரே தூரத்தில் இருக்கும்.

நான் அசந்துபோன இடம் அடுத்தது. கட்டத்துக்கு ஆறு பக்கம்; சாதாரணப் பகடைக்கும் ஆறு முகம். ஆகவே வழி தவறுவதைப் பகடையாலேயே நடத்தலாம். 1974 விதிப்படி ஒவ்வொரு நாளும் பகடையை உருட்ட வேண்டும். வெட்டவெளியில் ஒன்று விழுந்தால் வழி தவறியது. மரக்காட்டிலும் மலையிலும் ஒன்றோ இரண்டோ. சதுப்பிலும் பாலையிலும் மூன்று வரை, அதாவது பாதிக்குப் பாதி. தவறிவிட்டால் மறுபடி ஓர் உருட்டல். எந்த எண் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் போக வேண்டும். ஒரு சிறிய கட்டை, ‘நீ நினைக்கிற வடக்கு வடக்கில்லை’ என்று சொல்லிவிடுகிறது. காட்டின் பயத்தை இதைவிடச் சிக்கனமாகச் சொன்ன விதியை நான் பார்த்ததில்லை.

இந்தப் பயத்தைப் பின்னால் வந்தவர்கள் மெல்ல மெல்ல வடித்துக் கொட்டிவிட்டார்கள். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு, தேடல், உரையாடல், சண்டை மூன்றும் ஆட்டத்தின் தூண்கள் என்று முன்னுரையில் சொல்கிறது. உள்ளே போனால் முதல் தூணைக் கரையான் அரித்திருக்கிறது. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் நான்கு லிட்டர் தண்ணீர், வெயில் காலத்தில் இரட்டிப்பு என்று விதி இருக்கிறது. நல்ல விதி, ஏழெட்டுக் கிலோ தண்ணீரைச் சுமப்பவன் வேறு எதைச் சுமப்பான் என்ற கேள்வி தானாக வரும். ஆனால் அதே புத்தகத்தில் ‘குட்பெர்ரி’ என்று தொடக்கநிலை மந்திரம் ஒன்று உண்டு. பத்துப் பழம் வரும். ஒரு பழம் தின்றால் ஒரு நாள் பசி போகும். ‘ரேஞ்சர்’ என்ற வனவீரன் தனக்குப் பழகிய நிலத்தில் கூட வந்தால், மாயத்தால் தவிர, குழு வழி தவறவே தவறாது. காட்டில் கெட்டிக்காரன் ஒருவன் வந்ததும் காடு காணாமல் போகிறது! நம் வாசகரின் நண்பர்கள் கைபேசியை எடுப்பதில் என்ன வியப்பு? அங்கே அவர்கள் முடிவெடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

நடைக்குச் சுவை எங்கிருந்து வருகிறது என்பதைச் செட்டிநாட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கிறார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் நடந்திருக்கிறேன். வழியில் புலி வந்ததில்லை. ஆனால் நாள் முழுக்க முடிவுகள். தார் சுடுவதற்குள் எழுந்து நடப்பதா, தூக்கத்தை முடித்துக்கொள்வதா? கால் கொப்புளித்தவருக்காக நிற்பதா, அடுத்த பந்தலில் காத்திருப்பதா? தலைமூட்டையில் எதை எடுத்துவிடலாம்? ஒவ்வொன்றுக்கும் சாயங்காலம் கால் பதில் சொல்லிவிடும். ஆட்டத்தின் காட்டுக்கும் இதுதான் வேண்டும். வேகமாகப் போனால் பதுங்கியிருப்பவன் கண்ணில் படமாட்டான். மெல்லப் போனால் தண்ணீர் தீரும். இரண்டில் ஒன்றை ஆட்டக்காரர் வாயால் சொல்ல வைக்க வேண்டும்.

டோல்கீனின் உலகை வைத்துச் செய்த ‘தி ஒன் ரிங்’ ஆட்டம் இதை நன்றாகப் பிடித்திருக்கிறது. அதில் பயணம் புறப்பட்டால் வழிகாட்டி, வேவு, வேட்டை, காவல் என்று ஆளுக்கொரு பொறுப்பு. சும்மா உட்கார்ந்திருக்க யாருக்கும் இடமில்லை. பென் ராபின்ஸ் என்பவர் ‘வெஸ்ட் மார்ச்சஸ்’ என்ற பெயரில் நடத்திய ஆட்டத்தில் வேறு வழி. ஊருக்குள் சாகசமே கிடையாது. ஊரைவிட்டு விலக விலக ஆபத்து கூடும். எங்கே போவது என்பதை ஆட்டக்காரர்கள்தான் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். ஒரு குழு கண்டுவந்ததை எல்லோருக்கும் பொதுவான வரைபடத்தில் குறித்து வைக்கும். அடுத்த குழு அதை நம்பிப் போகும்.

முடிவெடுக்க வேண்டுமானால் முன்கூட்டியே ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான டிஎம்கள் சறுக்குவது இங்கேதான். ஆபத்தை ஒளித்து வைத்துத் திடீரென்று கொட்டினால் திகைப்பு வரும், ஆட்டம் வராது. இதில் நமக்குப் பழைய ஆசான் இருக்கிறார். பத்துப்பாட்டில் மலைபடுகடாம் 583 அடி; பாடியவர் பெருங்கௌசிகனார். மன்னன் நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தனுக்கு மலைவழி சொல்கிறான். பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்த பிறகு போ. பாம்பு ஒடுங்கும் குழிகள் இருக்கும். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போ. வழுக்குப் பாறையில் பிடித்துக்கொண்டு நட. நன்னனிடம் போகிறோம் என்று சொன்னால் மலைக்குடியினர் சோறு போடுவார்கள். கேட்டவனுக்கு எல்லாம் தெரியும். இருந்தும் காடு குறையவில்லை. இருட்டில் கிளம்பினால் பொறி, விடியும்வரை காத்தால் பகல் போகும் என்று அவன்தான் கணக்குப் போட வேண்டும். ஒரு டிஎம் ஆட்டத்துக்கு முந்தைய இரவு படிக்க வேண்டிய நூல் இதுவென்றே சொல்வேன்.

இனி வாசகருக்கு ஒரு யோசனை. பிள்ளையார்பட்டியை நடுக் கட்டத்தில் வையுங்கள். எட்டுக் கிலோமீட்டர் கணக்கில் குன்றக்குடி மலையும் அதே கட்டத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் ஊர்க் குடைவரைக் குன்றைப் புறப்படும் இடமாகக் கொள்ளலாம். மேற்கே திருப்பத்தூர் தாண்டினால் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். அந்தப் பறவைகளுக்காக அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. சத்தம் போடக் கூடாத ஊர்! காயம்பட்ட வீரர்கள் அங்கே அடைக்கலம் கேட்கிறார்கள். துரத்தி வருகிறவன் கொம்பூதிக்கொண்டு வருகிறான். நத்தைகுத்தி நாரைகள் மொத்தமாக எழும்பினால் அது யார் குற்றம்? ஊர் யார் பக்கம் நிற்கும்? இதற்கு ஓநாய் தேவையா?

வடமேற்கே மூன்று நான்கு கட்டம் தள்ளிப் பிரான்மலை. பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் மலை. மூவேந்தர் முற்றுகையிட்டபோது, உழாமலே நான்கு விளைகின்றன என்று கபிலர் பாடியதைப் புறநானூறு சொல்கிறது: மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன். இதைவிட நல்ல உணவுப் பட்டியல் எந்த விதிப்புத்தகத்தில் இருக்கிறது? நான்குக்கும் நான்கு தொல்லை. தேனுக்குத் தேனீயும் செங்குத்துப் பாறையும், கிழங்குக்குத் தோண்டும் நேரம், பலாவுக்குப் பருவமும் போட்டிக்கு வரும் குரங்கும், மூங்கிலரிசிக்கு மூங்கில் பூக்கும்வரை காத்திருப்பு. குட்பெர்ரியைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை வையுங்கள்.

நம் பிள்ளைகள் நடத்தும் ஆட்டங்களை நான் கேட்டிருக்கிறேன். காடு என்றதும் ஓக் மரம், பைன் மரம், பனிப்பொழிவு. கண்மாய்க்கரையில் நிற்கும் மருதத்தையோ பனையையோ யாரும் சொல்வதில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. கண்மாய்க்குள் சீமைக் கருவேலத்தை மண்டவிட்டது நாம். ஊருணிப் படியில் குப்பை கொட்டியதும் நாம். பத்து நிமிஷத் தூரத்துக்கும் வண்டியில் கூட்டிப்போய், வழி என்பது ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற ஒன்று என்று பழக்கியதும் நாம்தான். வழியில் எதையும் பார்க்காதவன் மேஜையில் காட்டை எங்கிருந்து எடுப்பான்?

ஆகவே தம்பி, அடுத்த ஆட்டத்தை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். கைபேசி எடுக்கும் அந்த நண்பர்களையே கூட்டிக்கொண்டு பிரான்மலை ஏறுங்கள். தண்ணீரை அளந்து எடுத்துப் போங்கள். எங்கே மூச்சு வாங்கியது, எங்கே வழி இரண்டாகப் பிரிந்தது, எதைப் பார்த்து யார் என்ன சொன்னார் என்று எழுதிக்கொள்ளுங்கள். இறங்கி வரும்போது உங்கள் ஆட்டத்துக்கான கட்டங்கள் பாதி நிரம்பியிருக்கும். மீதிக்குப் பகடை இருக்கிறது.