முகத்தை முந்தும் கைகள்

கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி அமரும்போது கவனித்திருப்பீர்கள். முகத்தைப் பார்த்து வயதை மதிக்க முடியாதவர்களுடைய வயதையும் சோற்றுக்கு நீளும் கைகள் சொல்லிவிடும்.

சகோதரிகளே, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். சட்டைக் கையை உயர்த்தி, மேற்கையின் உட்புறத் தோலைப் பாருங்கள். பிறகு புறங்கையைப் பாருங்கள். இரண்டும் ஒரே நாளில் பிறந்த தோல்தான். ஒன்று மிருதுவாயிருக்க மற்றது சுருங்கிப் புள்ளி விழுந்திருக்கிறதென்றால், வயதை மட்டும் குறை சொல்ல முடியாது. முக்கிய காரணம் வெயில். உடலை மறைத்து வெளியே செல்லும் நமக்கும் கைகள் திறந்தே இருக்கின்றன. தோலை முதிரச் செய்யும் கதிர்கள் மப்பும் மந்தாரமுமான நாளிலும், பஸ்ஸின் கண்ணாடி யன்னலூடாகவும் வருகின்றன. புறங்கைத் தோலோ மெல்லியது. அதன் கீழே கொழுப்பும் குறைவு.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வொன்று 2013இல் வெளியானது. சன்ஸ்கிறீன் எனப்படும் வெயில் தடுப்புக் கிறீமைத் தினமும் பூசியவர்களையும், நினைத்தபோது மட்டும் பூசியவர்களையும் நான்கரை வருடம் ஒப்பிட்டார்கள். முதுமையை அளந்தது எங்கே தெரியுமா? புறங்கையில் அச்செடுத்துத்தான். தினமும் பூசியவர்களின் தோலில் முதுமை 24 வீதம் குறைவாக இருந்தது. அவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர். நமது நிறம் ஓரளவு காப்புத் தருகிறது என்றாலும், நமக்கு வெயில் கரும்புள்ளியாக வெளிப்படும். ஆகவே பிள்ளையைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லும்போதும் சந்தைக்குப் போகும்போதும் முகத்துக்குப் பூசுவதைக் கைக்கும் பூசுங்கள். வுழூச் செய்தால் அது கழுவுப்பட்டுவிடும்; மறுபடி வெளியே போவதானால் மறுபடி பூச வேண்டும். குடையும் துணிக் கையுறையும் இதைவிட மலிவு.

அடுத்தது நமது குசினி. சட்டி பானை கழுவும் சவர்க்காரமும் சலவைத் தூளும் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடுகின்றன. றப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் சங்கடமாக இருக்கும், பழகிவிடும். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், அதன் அடியில் சவர்க்காரம் தங்கிச் சொறியை உண்டாக்கும். தொழுது முடிந்த கையோடு, தோல் முழுதாகக் காயுமுன், சிறிது வசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். விலையுயர்ந்த கிறீம் எதுவும் தேவையில்லை.

தேசிக்காய் தேய்த்தால் கை வெளுக்கும் என்று சொல்வார்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போடும், மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பு நிற்கும். இந்தப் பக்குவம் வேண்டவே வேண்டாம்.

அதைவிடப் பயப்பட வேண்டியவை, உற்பத்தியாளர் பெயரோ சேர்மானமோ எழுதப்படாத வெண்மையாக்கும் கிறீம்கள். சிலவற்றில் கடுமையான ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்கும். அது நாளடைவில் தோலை மெலியச் செய்து நரம்புகளை வெளியே காட்டும். இளமை தேடிப் போய் முதுமையை விலை கொடுத்து வாங்கிய கதைதான். வேறு சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோலினூடாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைப் பழுதாக்கும். நீங்கள் சோறு பிசைந்து ஊட்டுவதும் அதே கையால்தான் அல்லவா? பூசியவரிடமிருந்து வீட்டிலுள்ள குழந்தைகளின் உடலிலும் பாதரசம் சேர்ந்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன.

இப்படியான கிறீமைப் பல மாதம் பாவித்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். உடலில் பாதரசம் சேர்ந்திருக்கிறதா என்பதைச் சிறுநீர்ப் பரிசோதனையில் கண்டுகொள்ளலாம். ஸ்டீரொயிட் கிறீமைத் திடீரென நிறுத்தினால் தோல் சிவந்து எரியக்கூடும். எப்படி நிறுத்துவது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.