விருதுநகரில் நின்ற மாணவர்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. கணித மாணவன்)

எங்கள் ஊர் திருப்பாச்சூர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தாத்தா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அந்த ஐந்து வகுப்பையும் பள்ளிக்கூடத்தில் போட்ட மதியச் சோற்றுக்காகவே படித்ததாகச் சொல்வார். காமராசர் பெயரை எடுத்தாலே தோளில் கிடக்கும் துண்டு கைக்கு வந்துவிடும். “சோறு போட்ட மனுசனையே ஒரு காலேஜ் பையன வெச்சுத் தோக்கடிச்சாங்கடா” என்று என்னைப் பார்த்துச் சொல்வார், ஏதோ நானே போய்த் தோற்கடித்ததைப் போல! அந்தப் ‘பையன்’ யார், எப்படி வென்றார் என்று தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

அவர் பெயர் பெ. சீனிவாசன். பையன் என்பது தாத்தாவின் கணக்கு. சட்டமன்றத்துக்குப் போட்டியிட 25 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது அன்றும் சட்டம், இன்றும் சட்டம். நாடறிந்த மாணவர் தலைவர் என்பதே அவருக்கிருந்த பெருஞ்செல்வம். அப்பெயரைத் தந்தது 1965-ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டம். அவ்வாண்டு சனவரி 26 முதல் இந்தியே ஆட்சிமொழி என்ற நிலை வரவிருந்தது. முந்தைய நாள் மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மூண்ட கலவரம் மாநிலம் முழுவதும் பரவிற்று. சிதம்பரத்தில் சனவரி 27 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் உயிர் துறந்தார். கா. காளிமுத்து, நா. காமராசன், எல். கணேசன், துரைமுருகன் ஆகியோரோடு அப்போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் சீனிவாசன். இரண்டே ஆண்டுகளில் தேர்தல் வந்தது. தி.மு.க. அவரை விருதுநகரில் நிறுத்தியது.

எதிரே நின்றவரோ காமராசர்! ஒன்பதாண்டுக் காலம் முதலமைச்சராக இருந்தவர். நேருவுக்குப்பின் சாஸ்திரியையும், சாஸ்திரிக்குப்பின் இந்திரா காந்தியையும் பிரதமராக்கியதில் முன்னின்றவர். 1957-லும் 1962-லும் சாத்தூரில் வென்ற அவர், இம்முறை பிறந்த ஊரிலேயே நின்றார். ஆயினும் அகில இந்தியக் காங்கிரசுத் தலைவர் என்ற முறையில் நாடெங்கும் சுற்றவேண்டிய கடமை அவருக்கிருந்தது. போதாக்குறைக்குப் பிரசாரத்தின்போது கார் விபத்தில் காயமுற்றுப் படுக்கையில் விழுந்தார்.

சீனிவாசனுக்குத் துணையாக மாணவர்கள் திரண்டு வந்து வாக்குக் கேட்டனர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று வாக்குரிமை வயது 21. அதை 18 ஆக்கியது 1989-இல் நடைமுறைக்கு வந்த 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். ஆகவே, வாக்குக் கேட்ட மாணவர் பலருக்குத் தமக்கென ஒரு வாக்கு இருந்திராது. இருபது வயதான நானும் அன்று பிறந்திருந்தால் மற்றவர் வாக்கைக் கேட்டிருக்கலாமே தவிர, என் வாக்கைப் போட்டிருக்க முடியாது. வேட்பாளர் கட்டவேண்டிய வைப்புத்தொகை அப்போது பொதுப் பிரிவினருக்கு 250 ரூபாய். இப்போது 10,000 ரூபாய். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அது திரும்ப வராது என்ற விதி மட்டும் மாறவில்லை.

மொழி உணர்ச்சி ஒன்றே வெற்றி தந்தது என்று சொல்வாருண்டு. நான் அதை ஏற்கவில்லை. அரிசித் தட்டுப்பாடு மக்களை வாட்டிய காலம் அது. ‘ரூபாய்க்கு மூன்று படி’ என்ற தி.மு.க.வின் முழக்கம் அடுப்படி வரை சென்றது. இன்னொன்று கூட்டணி. ராசாசியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்டுகள், முஸ்லிம் லீக் எனப் பலரையும் அண்ணா ஒரே அணியில் சேர்த்ததால் எதிர்ப்பு வாக்குகள் சிதறவில்லை. (1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் இதே ராசாசிதான். அரசியலில் எதுவும் நடக்கும்!) மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் காங்கிரசு, தி.மு.க. இரண்டும் தனித்தனியே ஏறத்தாழ 41 விழுக்காடு வாக்குகளே பெற்றன. அதிலும் காங்கிரசுக்குத்தான் சற்று அதிகம். ஆட்சியோ தி.மு.க.வுக்குப் போயிற்று. நமக்குப் பக்கத்துத் தொகுதியான திருப்பெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமே தோற்றார்.

விருதுநகர் முடிவு இது: சீனிவாசன் 33,421, காமராசர் 32,136. வேறுபாடு 1,285. கணித மாணவன் என்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சீனிவாசனுக்கு வாக்களித்தவர்களில் 643 பேர் மட்டும் மாற்றிப் போட்டிருந்தால் காமராசர் ஒரே ஒரு வாக்கில் வென்றிருப்பார்! நம் கல்லூரியில் சில வகுப்புகளைச் சேர்த்தாலே அத்தனை பேர் தேறுவார்கள்.

காமராசர் அத்தோடு ஒதுங்கிவிடவில்லை. 1969 சனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் சென்றார். சீனிவாசன் பின்னாளில் சட்டப்பேரவைத் துணைத் தலைவரானார். அவர் வென்றதை நன்றிகெட்ட செயலாக என்னால் எண்ண முடியவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததற்குக் கைம்மாறாக வாக்கைக் கேட்டால், அது வாக்கு ஆகாது, கடனுக்கு வட்டி ஆகிவிடும்.

இதைத் தாத்தாவிடம் சொல்லத் துணிவில்லை. 643 என்ற கணக்கை மட்டும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

“எனக்கு அப்ப ஓட்டு வயசு ஆகலடா” என்றார்.

“ஆகியிருந்தா யாருக்குத் தாத்தா போட்டிருப்பீங்க?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அந்த வருசம் அரிசி கெடைக்கலடா” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.