குட்டி யானைக்கு எந்தத் தீனி?

தமிழ்நாட்டில் அதனைக் 'குட்டி யானை' என்கிறோம்; இங்கே வங்காளிகள் 'சோட்டோ ஹாத்தி' என்கிறார்கள். இரு மொழியினரும் பேசி வைத்துக்கொண்டாற்போல ஒரே பெயரைச் சூட்டிய பெருமை அந்தச் சிறு சரக்கு வண்டிக்கு உண்டு. 2005-ஆம் ஆண்டு மே மாதம் டாட்டா மோட்டார்ஸ் நிறுவனத்தார் 'ஏஸ்' என்னும் பெயரால் வெளியிட்ட இவ்வண்டி, 702 சி.சி. அளவுள்ள இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினைக் கொண்டு, முக்கால் டன் சுமையைத் தாங்கி, பெரிய லாரி நுழைய முடியாத சந்துகளிலெல்லாம் நுழைந்து வந்தது. கொல்கத்தாவில் வாழும் நம்மவருள் மாவு அரைத்து விற்போர், விருந்துச் சமையல் செய்வோர், வாழையிலையும் தேங்காயும் தருவித்து விற்போர் ஆகிய பலருக்கும் அது குடும்பத்தில் ஓர் உறுப்பினராகவே ஆகிவிட்டது.

யானையைக் கட்டித் தீனி போடுவது எளிதன்று. இன்று அந்தத் தீனியைப் பற்றியே பெருங் கேள்வி எழுந்துள்ளது. டீசலா, மின்சாரமா, அல்லது இரண்டும் கலந்ததா?

லேக் மார்க்கெட் பகுதியில் இட்லி மாவு வியாபாரம் செய்யும் நம் அன்பர் ஒருவர் சென்ற மாதம் இக்கேள்வியுடன் வந்தார். அவருடைய வண்டி 2011-இல் வாங்கியது. பதினைந்து ஆண்டு நிறைவெய்துகிறது. "அண்ணா, பெண்ணின் கல்யாணத்திற்கென்று சேர்த்து வைத்த பணத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது. பையன் பாட்டரி வண்டிதான் வேண்டும் என்கிறான். எனக்கோ டீசலைத் தவிர வேறொன்றிலும் நம்பிக்கை வரவில்லை. வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டது" என்றார். இது அவரொருவர் வீட்டுக் கதையன்று என்பதனால் ஆராய்ந்தறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

பதினைந்தாண்டு வரம்பு

சுற்றுச்சூழல் ஆர்வலர் சுபாஷ் தத்தா தொடுத்த வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008 ஜூலையில், பதினைந்து ஆண்டைக் கடந்த வாடகை, சரக்கு வண்டிகளை மாநகர எல்லையினின்று விலக்க வேண்டுமென ஆணையிட்டது. அது 2009 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தது. பஸ்கள் விஷயத்தில் இவ்வரம்பைத் தளர்த்துவது பற்றி அண்மையில் வழக்குகள் நடந்ததுண்டு. எனினும் சரக்கு வண்டிக்காரர் அதை நம்பிக் கணக்குப் போடுவது அறிவுடைமையாகாது. தில்லியிலோ டீசல் வண்டிகளுக்குப் பத்தாண்டே எல்லை என 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்தது. ஆகவே இன்று வண்டி வாங்குபவர் இன்றைய சட்டத்தை மட்டுமன்றி, அவ்வண்டியின் ஆயுட்காலத்தில் வரக்கூடிய சட்டத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

டீசலின் குணமும் குறையும்

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் தம் எஞ்சினை ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய ஆண்டு 1897. கல்கத்தாவிற்கு மின்சாரம் வழங்கும் உரிமம் ஒரு கம்பெனிக்குக் கிடைத்ததும் அதே 1897-இல்தான் என்பது ஒரு வியப்பு. ஆக, இன்று போட்டியிடும் இருவரும் ஒரே வயதினர்.

டீசல் எஞ்சின் குறைந்த எண்ணெயில் மிகுந்த பாரம் இழுக்கும். எந்த நெடுஞ்சாலையிலும் ஐந்து நிமிடத்தில் வயிறு நிரப்பிக்கொண்டு புறப்படும். பழுதுபார்க்கும் மேஸ்திரி எவ்வூரிலும் அகப்படுவார். இவை உண்மையான குணங்கள். ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் டீசல் வண்டி பழைய எளிய வண்டியாக இல்லை. டீசலில் உள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. புகையைத் தூய்மை செய்யும் சாதனங்களும் கூடின. கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய வண்டிகளில், பிடித்த கரி எரிந்து சாம்பலாவதற்கு எஞ்சின் நன்கு சூடேறி ஓட வேண்டும். நெடுஞ்சாலையில் அது தானே நிகழும். கடைக்குக் கடை நின்று, கடியாஹாட் நெரிசலில் ஊர்ந்து, இரண்டு மைலில் எஞ்சினை அணைத்துவிடும் வண்டியில் அது நிகழாது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். நம்மவர் வண்டிகளிற் பெரும்பாலானவை இவ்வாறுதான் ஓடுகின்றன.

மின்சாரம் புதிதன்று

மின்சாரத்தால் ஓடும் ஊர்தி என்றதும் ஏதோ புதுமை என்று அஞ்சுவோர் நம் வரலாற்றை மறந்தவராவர். சென்னையில் 1895-இலேயே மின்சார டிராம் ஓடியது, 1953-இல் நின்றது. கல்கத்தாவில் 1902-இல் எஸ்பிளனேடிலிருந்து கிதிர்ப்பூருக்கு மின்சார டிராம் புறப்பட்டது. 2024 செப்டம்பரில் மாநில அரசு, மைதானத்துப் பாரம்பரியத் தடத்தைத் தவிர ஏனையவற்றை நிறுத்தப்போவதாக அறிவித்தது. கம்பியிலிருந்து மின்சாரம் பெற்ற வண்டி விடைபெறும் வேளையில், பாட்டரியில் மின்சாரத்தைச் சுமந்து செல்லும் வண்டி வந்து சேர்ந்திருக்கிறது.

2022 மே மாதத்தில் குட்டி யானையும் மின்சார உருவெடுத்தது. 21.3 யூனிட் கொள்ளும் பாட்டரி, 600 கிலோ சுமை, ஒருமுறை மின்னேற்றினால் 154 கிலோமீட்டர் என்பது அதன் சான்றிதழ்க் கணக்கு. 2024-இல் ஒரு டன் சுமக்கும் வகையும் வந்தது. சான்றிதழ்த் தூரம் வேறு, சாலைத் தூரம் வேறு என்பதை நினைவிற் கொள்க. முழுச் சுமையும் நெரிசலும் சேர்ந்தால் 100 கிலோமீட்டரைக் கணக்கில் வைத்துக்கொள்வதே பத்திரம். நெரிசலில் நிற்கும்போது மின்மோட்டார் எதையும் எரிப்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது வேகத்தின் ஒரு பகுதி மீண்டும் மின்சாரமாகிப் பாட்டரிக்குத் திரும்புகிறது. டீசலுக்குப் பகையான நகர நெரிசல் மின்சாரத்திற்கு அவ்வளவு பகையன்று.

புகையே இல்லை என்று சொல்வது மட்டும் முழு உண்மையாகாது. நம் நகரத்து மின்சாரத்தில் பெரும்பகுதி பஜ்பஜ் போன்ற நிலக்கரி நிலையங்களிலிருந்தே வருகிறது. புகை நம் சந்தைவிட்டு ஆலைக்கு இடம் மாறுகிறது எனலாம். குழந்தைகள் விளையாடும் சந்தில் புகை குறைவதும் ஒரு நன்மையே.

இரண்டுங் கலந்த வண்டி

"இரண்டும் உள்ள வண்டி வாங்கினால் என்ன?" என்பது அன்பரின் அடுத்த கேள்வி. வெளிநாடுகளில் அத்தகைய பிக்-அப் வண்டிகள் உண்டு. சீன நாட்டு பி.ஒய்.டி. நிறுவனம் 2024 மே மாதத்தில் மெக்ஸிகோவில் 'ஷார்க்' என்பதை வெளியிட்டது. அதில் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டார்களும் உண்டு. எஞ்சினைத் தொடாமல் சுமார் 100 கிலோமீட்டர் ஓடும் என்பது அவர்கள் கணக்கு. ஆஸ்திரேலியாவில் உள்ள நம் உறவினர் இவற்றுக்கும் டீசலுக்கும் இடையேதான் தடுமாறுகிறார்கள். அன்றாடம் குறுகிய தூரம் ஓடி, வாரந்தோறும் நெடுந்தூரம் போகிறவருக்கு இது நல்ல ஏற்பாடு.

ஆனால் இரவுதோறும் மின்னேற்றாத சோம்பேறிக்கு அது இரட்டைச் சுமை. எஞ்சினும் ஓட வேண்டும். பாட்டரியையும் சுமக்க வேண்டும். இவ்வகைக் கார்கள் உண்மையில் வெளியிடும் கரியமிலவாயு, சோதனைச்சாலைக் கணக்கைப் போலச் சராசரி மூன்றரை மடங்கு என்று ஐரோப்பிய ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. நம் அன்பர் வாங்கக்கூடிய விலையில் இத்தகைய சரக்கு வண்டி இங்கே இல்லை. இங்குள்ள நடுவழி, இயற்கை வாயுவும் பெட்ரோலும் மாறி மாறிக் கொள்ளும் வண்டியே. வாயு நிலையம் உம் வழியில் உண்டா, வரிசை எவ்வளவு நீளம் என்பதைப் பார்த்தே அதனைத் தீர்மானிக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தின் தீர்ப்பு

வாதத்தை நிறுத்தி, ஒரு மாதம் நோட்டுப் புத்தகம் எழுதும்படி அன்பரிடம் சொன்னோம். விடியற்காலை சியால்தாவின் கோலே மார்க்கெட். பிறகு பெஹாலா, கடியா, சால்ட் லேக். நாளொன்றுக்குச் சராசரி 50 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்று புத்தகம் காட்டியது. ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் சுமார் 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கரக்பூரில் கல்யாணச் சமையல்.

இனிக் கணக்கைப் பாருங்கள். டீசல் லிட்டர் 92 ரூபாய், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 75 காசு. மின்சாரம் யூனிட் 9 ரூபாய், சேதாரம் போக யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர் என்று கொண்டால், 1 ரூபாய் 80 காசு. மிச்சம் 3 ரூபாய் 95 காசு. நாளைக்கு 50 கிலோமீட்டர் ஓடினால் ஆண்டிற்கு ஏறத்தாழ 61,600 ரூபாய் மிஞ்சும். மின்வண்டியின் விலை 3 லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்தாண்டுக்குள் அது ஈடாகிவிடும். நாளைக்கு 80 கிலோமீட்டர் ஓடுபவருக்கு மூன்றே ஆண்டு போதும். 20 கிலோமீட்டர் மட்டும் ஓடுபவருக்கோ பன்னிரண்டு ஆண்டாகும். அதற்குள் பாட்டரியே தளர்ந்துவிடக்கூடும். குறைவாக ஓடுகிறவருக்கே மின்வண்டி ஏற்றது என்று பலர் எண்ணுவதற்கு இது நேர்மாறாக இருப்பதைக் கவனியுங்கள். கடன் வாங்கினால் வட்டியையும், அவரவர் விலைகளையும் இட்டுக் கணக்கை மீண்டும் போடுக.

கணக்கு மகன் பக்கம் சாய்ந்தது. தகப்பனார் உடனே கேட்டார்: "வாடகை வீட்டில் பிளக் எங்கே?" அக்கேள்வியில் அனுபவம் பேசியது. 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து மணிக்கு மூன்று யூனிட்டளவே ஏறும். காலிப் பாட்டரி நிரம்ப ஏழு மணி நேரம் வேண்டும். சந்தில் நிற்கும் வண்டிக்கு ஜன்னல் வழியாகக் கம்பி இழுத்துவிடுவது ஆபத்து. 2025 செப்டம்பர் 23 விடியலுக்குள் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அன்று, தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து மாண்டவர்களை நாம் மறந்துவிடலாமா? வெள்ளம் உயரும் மட்டத்திற்கு மேலே, மண்ணிணைப்பும் கசிவு வெட்டியும் பொருத்திய தனி இணைப்பு இல்லாமல் மின்வண்டி வாங்கக் கூடாது. தேங்கிய நீர் டீசலையும் விடுவதில்லை. காற்று இழுக்கும் வாயில் நீர் புகுந்தால் எஞ்சின் தொலைந்தது.

எனவே, வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் கிடைக்கும்வரை முன்பணம் கொடுப்பதில்லை என்று தந்தையும் மகனும் உடன்பட்டார்கள். வீட்டுக்கார வங்காளிப் பெரியவர் தனி மீட்டர் வைத்துக்கொண்டால் ஆட்சேபமில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறார். கரக்பூர்க் கல்யாணங்களுக்கு வாடகை வண்டி. பாட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், எத்தனை கிலோமீட்டர் என்பதை எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். கல்யாணப் பணத்திலிருந்து எடுப்பதை மாதந்தோறும் மிஞ்சும் ஐயாயிரத்தைக் கொண்டு திரும்ப வைப்பது என்று அம்மையார் நிபந்தனை விதித்திருக்கிறார். இந்த ஏற்பாட்டில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவே.

வெளியூர்ச் சமையலே தொழிலாக உடையவர் இதே கணக்கைப் போட்டால் டீசலே சரியென்று விடை வரும். அதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. விளம்பரத்தைக் கேட்டு வாங்காதீர்கள். அண்டை வீட்டார் வாங்கினார் என்றும் வாங்காதீர்கள். ஒரு மாதம் நோட்டுப் புத்தகம் எழுதுங்கள். குட்டி யானைக்கு எந்தத் தீனி என்பதை அது ஓடும் பாதையே சொல்லிவிடும்.